என் கேஸை நானே வாதாடலாமா?

கேள்வி: வக்கீல் ஐயா, வணக்கம். குடியாத்தம் பக்கத்துக் கிராமம் எனக்கு. கைத்தறி லுங்கி நெய்கிறேன். 2023இல் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்த மறுநாள், பொதுச்சுவர் விஷயமாகப் பங்காளிக்கும் எனக்கும் வாய்த்தகராறு. அவர் கால் தடுக்கிச் செங்கல் குவியலில் விழுந்து நெற்றியில் அடிபட்டுக்கொண்டார். நான் மரக்கட்டையால் அடித்ததாகவும் கொலை மிரட்டல் விட்டதாகவும் புகார் கொடுத்து, இந்தியத் தண்டனைச் சட்டம் 294(பி), 324, 506(2) பிரிவுகளில் அந்த வருஷமே சார்ஜ் ஷீட்டும் போட்டுவிட்டார்கள். எப்.ஐ.ஆரில் கட்டை என்று இருக்கிறது. ஆஸ்பத்திரி ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியில் ‘தெரிந்த நபர் கையால் தாக்கியதாக’ என்று எழுதியிருக்கிறது. இதைக் காட்டினாலே கேஸ் நிற்காது இல்லையா? என் வக்கீல் வாய்தாவுக்கு வருவதே இல்லை. கேஸ் கட்டைக் கேட்டால் பாக்கி ஃபீஸைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள் என்கிறார். அடுத்த மாதம் சாட்சி விசாரணை. நானே வாதாடிக்கொள்ளலாமா? அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் தன் கேஸைத் தானே நடத்தலாமாமே? இல்லையென்றால், காட்பாடி சட்டக் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கும் என் அண்ணன் மகனை வாதாட வைக்கலாமா?

பதில்: ஐயா, வாதாடலாம். உங்களை யாரும் தடுக்க முடியாது.

அரசியலமைப்பின் 22(1)ஆவது பிரிவும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 303ஆவது பிரிவும், விருப்பப்பட்ட வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமையை உங்களுக்குத் தருகின்றன. உரிமைதான், கட்டாயம் இல்லை. ‘வக்கீல் வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்று எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) சொன்னால், அவர் தலையில் ஒரு வக்கீலைக் கட்டிவைக்கச் சட்டத்தில் இடமில்லை. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம் வந்து இதே விஷயம் 340ஆவது பிரிவாகிவிட்டது. உங்கள் வழக்கு அதற்கு முன்பே கோர்ட்டில் இருந்ததால் பழைய சட்டப்படிதான் நடக்கும். அதனால் கீழே பழைய எண்களையே சொல்கிறேன்.

அமெரிக்கா பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கேள்விப்பட்டது சரிதான். 1975இல் ஃபரெட்டா என்ற வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தனக்குத் தானே வாதாடுவது எதிரியின் அரசியலமைப்பு உரிமை என்றே தீர்ப்புச் சொன்னது. அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. தானே வாதாடித் தோற்றவர், பிறகு அப்பீலில் வந்து ‘எனக்குச் சரியான வாதம் கிடைக்கவில்லை’ என்று புலம்ப முடியாது.

நம் ஊரிலும் கிட்டத்தட்ட அதே கதைதான். வக்கீல் இல்லாமல் நீங்கள் போய் நின்றால் மாஜிஸ்திரேட் முதலில் கேட்பது, ‘இலவச சட்ட உதவியில் வக்கீல் வைத்துத் தரட்டுமா?’ என்றுதான். அவர் கேட்டே ஆக வேண்டும். அருணாசலப் பிரதேசத்தில் சுக் தாஸ் என்பவருக்கு, உங்கள் மேல் இருக்கும் அதே 506ஆவது பிரிவில், வக்கீலே இல்லாமல் விசாரணை நடந்து இரண்டு வருஷம் தண்டனை கொடுத்தார்கள். இலவச வக்கீல் கிடைக்கும் என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை என்ற ஒரே காரணத்துக்காக, 1986இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. கசாப் வழக்கிலும் 2012இல் இதையே இன்னும் அழுத்திச் சொன்னார்கள். எதிரி தானாக மறுத்தால் தவிர, வக்கீல் இல்லாமல் நடக்கும் விசாரணை செல்லாது. நீங்கள் செய்யப்போவது அந்தத் ‘தானாக மறுப்பது’. மாஜிஸ்திரேட் கேட்டு, நீங்கள் வேண்டாம் என்று சொல்லி, அது பதிவாகிவிட்டால், சுக் தாஸ் தீர்ப்பு உங்களுக்கு உதவாது.

சரி, உரிமை இருக்கிறது. ஆனால் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். காரணம் நீங்கள் நினைப்பது இல்லை. பேசத் தெரியாது, சட்டம் தெரியாது என்பதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. கீழ்க்கோர்ட்டில் எல்லாம் தமிழில்தான் நடக்கிறது. சொந்தக் கேஸ் விவரம் வக்கீலைவிட உங்களுக்குத்தான் அத்துபடி. சிக்கல் முழுக்கக் குறுக்கு விசாரணையில் இருக்கிறது.

உங்கள் 294(பி)யையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிரிவு நிற்க வேண்டும் என்றால் பொது இடத்தில் ஆபாசமான வார்த்தை பேசியிருக்க வேண்டும், அதனால் மற்றவர்களுக்குத் தொல்லை ஏற்பட்டிருக்க வேண்டும். என்ன வார்த்தை என்பது சாட்சியத்தில் வர வேண்டும். நம் பக்கத்து எப்.ஐ.ஆர்களில் பாதியில் ‘அசிங்கமாகத் திட்டினார்’ என்று மொட்டையாக எழுதி விட்டுவிடுவார்கள். சாட்சிக் கூண்டில் உங்கள் பங்காளியும், அரசு வக்கீல் கேட்கும் முதல் விசாரணையில் அப்படியே சொல்லிவிட்டு நிற்கிறார் என்று வையுங்கள். பழகின வக்கீல் அந்தப் பக்கமே போக மாட்டார். வாதத்தில் மட்டும் எழுந்து, ‘என்ன வார்த்தை என்று சாட்சியமே இல்லை’ என்பார். நீங்கள் நின்றால் என்ன நடக்கும்? செய்யாத குற்றத்தைச் சொல்கிறானே என்று வயிறு எரியும். ‘நான் உன்னை இன்னா சொல்லித் திட்டினேன்? சொல்லு பாக்கலாம்!’ என்று கேட்பீர்கள். அவர் சொல்லுவார். நாலு வார்த்தை, பச்சையாக. அதுவரை அரசுத் தரப்பு கேஸில் இருந்த ஓட்டையை உங்கள் கேள்வியே அடைத்துவிடும்.

506(2)லும் இதே கதைதான். மிரட்டலால் அவர் பயந்துபோனார் என்று வர வேண்டும். ‘நான் சொன்னதுக்கு நீ பயந்துட்டியா? நீயா?’ என்று கேலியாகக் கேட்டால், ‘ஆமாம், பயந்துபோனேன்’ என்பதைத் தவிர அவர் வேறு என்ன சொல்வார்?

இன்னும் ஒன்று, சாட்சியம் பதிவாகும் விதம். நீங்கள் கேட்கும் கேள்வி கேள்வியாகப் பதிவாகாது. சாட்சி சொன்னது போலத்தான் டைப் ஆகும். நேரில் பார்த்த சாட்சி ஒருவர் அங்கே இல்லவே இல்லை என்று காட்ட, ‘நான் அடிக்கும்போது நீ டீக்கடையாண்டதானே நின்னுகினு இருந்த?’ என்று கேட்கிறீர்கள். பதிவாவது இப்படி: ‘எதிரி அடித்தபோது நான் டீக்கடை அருகில் நின்றிருந்தேன் என்றால் சரியல்ல. வீட்டு வாசலிலேயே நின்றிருந்தேன்.’ முதல் இரண்டு சொல்லைப் பாருங்கள். அது உங்கள் வாயிலிருந்து வந்தது. வக்கீல்கள் எதற்கெடுத்தாலும் ‘சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் நேரத்தில்’ என்று இழுத்து இழுத்துப் பேசுவதைப் பார்த்துச் சிரிப்பு வந்திருக்கும். அவர்கள் பயப்படுவது இதற்குத்தான். குறுக்கு விசாரணையில் எதிரி தரப்பு வைக்கும் கருத்துகளையும், அவற்றுக்குச் சாட்சி சொல்லும் பதிலையும் எதிரிக்கு எதிராகக் கணக்கில் எடுக்கலாம் என்று பாலு சூதம் கல்தே வழக்கில் 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது ஒன்றை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது, உண்மைதான். ஆனால் மற்ற சாட்சியத்தோடு சேர்ந்தால் கனம் கூடிவிடும். அங்கே பேசியது வக்கீல். எதிரியே தன் வாயால் கேட்டிருந்தால்?

இதில் கோபத்தை நான் சேர்க்கவில்லை. கூண்டில் நிற்பவர் முன்பின் தெரியாதவர் இல்லை, உங்கள் பங்காளி. சுவர், பாகப்பிரிவினை, கோவில் வரி என்று பழைய பகையெல்லாம் வாய்வரை வந்து நிற்கும். 294(பி) கேஸில் மாஜிஸ்திரேட் முன்னாலேயே பங்காளியைத் திட்டிவிட்டால் அரசுத் தரப்பு வக்கீலான ஏ.பி.பி.க்கு அப்புறம் வேறு சாட்சி தேவைப்படாது.

ஏ.ஆர். காப்பிக்கு வருகிறேன். உங்கள் கையில் இருப்பது நல்ல பாயின்ட். 324க்கு ஆயுதம் வேண்டும். காயம்பட்ட சூட்டோடு டாக்டரிடம் போனவர் ‘கையால் தாக்கினார்கள்’ என்று சொல்லிவிட்டு, பிறகு போலீசில் கட்டையைச் சேர்க்கிறார் என்றால் கோர்ட் அதைக் கவனிக்கும். ஆனால் காகிதத்தைத் தூக்கிக் காட்டினால் ஆகாது. இரண்டு பேர் வாய் வழியாக அது வர வேண்டும். முதலில் பங்காளியிடம்: ‘சிகிச்சைக்குப் போனபோது டாக்டரிடம் கையால் தாக்கியதாகச் சொன்னீர்கள், சரிதானே?’ அவர் ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் அங்கேயே நிறுத்த வேண்டும். ‘அப்புறம் ஏன் போலீசில் கட்டைன்னு சொன்ன?’ என்ற கேள்வி நாக்கு நுனியில் நிற்கும். விழுங்கிவிடுங்கள். அதைக் கேட்டால், மயக்கத்தில் இருந்தேன், கூட வந்தவர் சொன்னார், டாக்டர் தப்பாக எழுதிவிட்டார் என்று ஏதாவது ஒரு வழியை நீங்களே அவருக்குத் திறந்துவிடுகிறீர்கள். அடுத்து டாக்டரிடம்: ‘கையால் தாக்கியதாகத்தான் உங்களிடம் சொல்லப்பட்டது’ என்று ஒன்று, ‘செங்கல் குவியலில் விழுந்தாலும் இப்படிக் காயம் ஏற்பட வாய்ப்பு உண்டு’ என்று ஒன்று. இரண்டாவதற்குப் பெரும்பாலான டாக்டர்கள் ‘வாய்ப்பு உண்டு’ என்பார்கள். அதோடு உட்கார்ந்துவிட வேண்டும்.

போலீஸ் விசாரணையில் சாட்சிகள் சொன்னதாக எழுதிவைத்த 161 வாக்குமூலம் இதைவிட நுணுக்கமானது. அது சாட்சியம் இல்லை. சாட்சி கோர்ட்டில் மாற்றிச் சொன்னால், முரண்பாட்டைக் காட்ட மட்டும்தான் அதைப் பயன்படுத்தலாம். அதற்கும் ஒரு முறை உண்டு. எந்த வரி முரண்படுகிறதோ அதைச் சாட்சிக்கு வாசித்துக் காட்டிக் கேட்க வேண்டும். ‘நான் போலீசில் அப்படிச் சொல்லவில்லை’ என்று அவர் மறுத்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. கடைசியாக விசாரணை அதிகாரி கூண்டில் ஏறும்போது அவரிடம், ‘இன்ன சாட்சி உங்களிடம் இப்படிச் சொன்னாரா?’ என்று கேட்டு, ‘சொன்னார்’ என்று வாங்க வேண்டும். போலீசில் சொல்லாமல் விட்டு, கோர்ட்டில் புதிதாகச் சேர்த்த முக்கிய விஷயத்துக்கும் இதே வழிதான். இரண்டாவது பாதியை மறந்தால் முதல் பாதி வீண். முதல் சாட்சிக்கும் அதிகாரிக்கும் நடுவில் பல மாதம் ஓடிவிடும். வக்கீல்களே தவறவிடுகிற இடம் இது.

வேறு சில சின்ன விஷயங்களும் இருக்கின்றன. நீங்களே வாதாடும்போது பேசுவது வாதம்தான், சாட்சியம் ஆகாது. ‘அவர்தான் தடுக்கி விழுந்தார்’ என்பதை நீங்கள் எவ்வளவு உருக்கமாகச் சொன்னாலும் அது சாட்சியக் கணக்கில் வராது. 313ஆவது பிரிவின்படி மாஜிஸ்திரேட் உங்களிடம் கேட்கும் கேள்வியில் அதைச் சொல்லலாம், எழுதியும் கொடுக்கலாம். அது சத்தியப் பிரமாணத்தில் சொல்வது இல்லை, அதற்கு உள்ள மதிப்பு அந்த அளவுக்குத்தான். பிரமாணம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்றால் 315இன் கீழ் எழுதிக் கொடுத்துக் கூண்டில் ஏறலாம். ஏறினால் ஏ.பி.பி. உங்களைக் குறுக்கு விசாரணை செய்வார். ஏறாமல் இருப்பதை உங்களுக்கு எதிராக அவர் ஒரு வார்த்தை பேச முடியாது. ஏறலாமா வேண்டாமா என்பதை முன்னாடியே முடிவு செய்யாதீர்கள். அரசுத் தரப்பு சாட்சி எல்லாம் முடிந்தபின் யோசிக்க வேண்டியது அது.

அப்புறம், நடைமுறையில் ஆளை அடித்துப்போடுகிற ஒன்று: 317. காய்ச்சல், கல்யாணம், தறிக்கு அவசர ஆர்டர் என்று ஒரு வாய்தாவுக்குப் போக முடியாவிட்டால் வக்கீல் 317 மனு போட்டுச் சமாளிப்பார். அந்தப் பிரிவே ‘எதிரி தரப்பில் வழக்கறிஞர் இருந்தால்’ என்றுதான் பேசுகிறது. வக்கீல் இல்லாதவர் வராவிட்டால் அவருக்காக எழுந்து நிற்க ஆள் கிடையாது. மதியத்துக்குள் பிடிவாரண்ட் போய்விடலாம். அதை ரீகால் செய்ய அலைவது தனிக் கதை.

இனி உங்கள் உண்மையான குறைக்கு வருகிறேன். உங்களுக்கு வக்கீலே பிடிக்காது என்று எனக்குத் தோன்றவில்லை. இந்த வக்கீல் வரவில்லை என்பதுதான் உங்கள் கோபம். அதற்கு மருந்து வக்கீலை மாற்றுவது. பாக்கி ஃபீஸுக்காகக் கட்சிக்காரரின் கேஸ் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை கிடையாது. ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000இலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லி, அப்படி வைத்துக்கொள்வது தொழில் ஒழுங்கீனம் என்றும் சொல்லிவிட்டது. ஃபீஸ் பாக்கி இருந்தால் அவர் வேறு வழியில் வசூல் செய்துகொள்ளட்டும். நேரில் போய் மரியாதையாக ஒரு தடவை கேளுங்கள். தரவில்லை என்றால் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், வக்காலத்தை ரத்து செய்யக் கோரி அதே கோர்ட்டில் மனு போடலாம், பார் கவுன்சிலிலும் புகார் கொடுக்கலாம். கட்டு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். எப்.ஐ.ஆர், 161 வாக்குமூலங்கள், ஏ.ஆர். காப்பி எல்லாவற்றுக்கும் நகல் மனு போட்டு வாங்கிக்கொள்ளலாம்.

புது வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால், குடியாத்தம் கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழுவிடம் விண்ணப்பம் கொடுங்கள். வேலூர் வர வசதி இருந்தால் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100க்குப் போன் செய்தும் கேட்கலாம். வருமான வரம்புக்குள் இருந்தால் போதும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கு வருமானக் கணக்கே கிடையாது. ‘இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ’ என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. எல்லாரும் அப்படி இல்லை. காசு வாங்கிக்கொண்டு வாய்தாவுக்கே வராதவரைவிட வந்து நிற்கிறவர் மேல் இல்லையா?

நான் உங்கள் இடத்தில் இருந்தால் குறுக்கு விசாரணையை வக்கீலிடம் விட்டுவிட்டு, மீதியில் என் உழைப்பைப் போடுவேன். பங்காளிக்கும் சாட்சிகளுக்கும் என்ன உறவு, யாருக்கு உங்களிடம் என்ன கோபம், டீக்கடையிலிருந்து சுவர் தெரியுமா, இடையில் மரம் உண்டா, அன்றைக்கு எத்தனை மணிக்குத் தெரு விளக்கு எரிந்தது, இதெல்லாம் வக்கீலுக்குத் தெரியாது. ஒரு நோட்டில் எழுதி, இடத்தின் படமும் கையால் வரைந்து கொடுங்கள். கடைசியில் எழுத்துப்பூர்வமான வாதம் தாக்கல் செய்ய 314இல் வழி இருக்கிறது. அதில் உங்கள் பங்கும் சேரட்டும். இவ்வளவுக்கும் பிறகு ‘இல்லை, நானேதான் நிற்பேன்’ என்றால், சட்ட உதவி வக்கீல் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டுப் பாருங்கள். அதைத் தருவது மாஜிஸ்திரேட் மனசைப் பொறுத்தது.

பங்காளி சமாதானத்துக்கு இறங்கி வந்தாலும் 324ஐயும் 294(பி)யையும் குடியாத்தம் கோர்ட்டிலேயே ராஜியில் முடித்துக்கொள்ள முடியாது. சென்னை உயர் நீதிமன்றம் போய்த்தான் ரத்து செய்ய வேண்டும். அங்கே மனுவெல்லாம் ஆங்கிலத்தில். அந்தக் கட்டத்திலும் உங்களுக்கு வக்கீல் தேவைப்படும்.

அடுத்த மாத வாய்தாவுக்குள் புது வக்கீல் தயாராகாவிட்டால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்கிறீர்களா என்று கேட்கும்போது ‘இல்லை’ என்று சொல்லிவிடாதீர்கள். ‘குறுக்கு விசாரணை இல்லை’ என்று பதிவாகிவிட்டால், அந்தச் சாட்சியைத் திரும்ப அழைக்க 311 மனு போட்டு, அது கிடைக்குமா கிடைக்காதா என்று நிற்க வேண்டும். 242(3)இன்படி குறுக்கு விசாரணையைத் தள்ளிவைக்கும்படி அன்றைக்கே மனு கொடுங்கள். வக்கீல் மாற்றும் வேலை நடக்கிறது என்று காரணத்தையும் எழுதுங்கள்.

கடைசியாக உங்கள் அண்ணன் மகன். மாணவர் வாதாட முடியாது. வழக்கறிஞராகப் பதிவு செய்யாதவரைக் குறிப்பிட்ட ஒரு வழக்கில் கோர்ட் அனுமதிக்கலாம் என்று வழக்கறிஞர்கள் சட்டத்தின் 32ஆவது பிரிவில் இருக்கிறது. குற்ற வழக்கு விசாரணைக்கு அதை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்காதீர்கள். பவர் பத்திரம் எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. ஆனால் கோர்ட் எல்லாருக்கும் திறந்த இடம். பையன் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து உட்காரட்டும். சாட்சி சொல்வதை வரிக்கு வரி எழுதிக்கொள்ளட்டும், அன்று சாயங்காலமே அதை 161ஓடு ஒப்பிட்டுப் பார்த்து வக்கீலிடம் கொடுக்கட்டும். அதிகாரியிடம் கேட்க வேண்டியதை மறக்காமல் இருக்க அந்தக் குறிப்பு மாதிரி வேறு எதுவும் உதவாது. சாட்சி பேசும்போது தலையாட்டுவது, சைகை காட்டுவது மட்டும் கூடாது என்று சொல்லிவையுங்கள். ஏ.பி.பி. பார்த்துவிட்டால் அன்றைக்குப் பையன் வராண்டாவில்தான் நிற்க வேண்டியிருக்கும்.